பெட்டியில் ஒட்டியிருந்த பசை

செவ்வாய்க்கிழமை.

பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டிலும் மேலுறையாக ஒட்டிக் கிழிந்திருந்த கார்ப்பெட்டை இன்று உரித்தேன். அடியில் இருந்த பசை போகவில்லை. மண்ணெண்ணெய் பூசி ஒன்றைச் சுரண்டி முடிக்கவே கை ஓய்ந்துவிட்டது. மற்றதின் பசை வெயிலில் இளகட்டும் என்று முற்றத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், தெருக் கழுதை ஒன்று அதில் விலாவைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. விரட்டினேன். பெட்டியின் நாலு பக்கமும் பசையில் சாம்பல் மயிர் அப்பியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, மகளின் கல்யாணத்துக்குப் பெட்டிகளை வாடகைக்குப் பிடிக்கப் பள்ளிமுனை அந்தோனி அண்ணை வந்தார். மயிரை ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"புதுக் கார்ப்பெட் நல்ல வடிவு, தம்பி. மற்றதுக்கும் இதையே ஒட்டிக்கொண்டு நாளைக்கு வாங்கோ."

"ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டேன்.

பசை வீட்டில் இருக்கிறது. கழுதைதான் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.