அவள் காலில் கத்தி வைத்த நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று இரண்டு ஜன்னல், ஒரு நிலைக்கண்ணாடி. மத்தியானமே கூட்டாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி ஏணியிலிருந்து விழுந்து இன்றோடு பன்னிரண்டு நாள். இரண்டு மணிக்கட்டிலும் மாவுக்கட்டு. இடுப்பெலும்பில் மயிரிழைக் கீறல். ஆறு வாரம் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள், இப்போது கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஊட்டிவிடப் பழகிவிட்டேன். தலை வாரவும் பழகிவிட்டேன். சடைதான் சரியாக வரவில்லை. "மாட்டு வால் மாதிரி இருக்கு" என்கிறாள்.

சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"திங்கட்கிழமை பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு பொண்ணு வருது. காலைப் பிடிச்சு மடக்கும். அதுக்கு முன்னாடி... கொஞ்சம் சவரம் பண்ணிவிடுறீங்களா?"

"உனக்கு எதுக்குடி சவரம்?"

"பின்ன? தானா உதிர்ந்துடுமா?"

இருபத்தாறு வருஷம்! அவள் கால் பிறவியிலேயே அப்படி வழவழவென்று இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லியும் தொலைத்தேன். சிரித்தாள். "ஐயோ, இடுப்பு வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விழுந்த பிறகு இன்றுதான் அவள் சிரிப்பைக் கேட்கிறேன்.

குளியலறை மேல்தட்டில் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. சலூன்களில் வைத்திருப்பார்களே, மடக்குச் சவரக்கத்தி, அதேதான். கூடவே தீட்டுவதற்குத் தோல்வார், ஒரு பிரஷ். மற்ற ரேஸர், கிரீம் எது போட்டாலும் கால் முழுக்கக் கொப்பளித்துவிடுமாம். அதோடு குளத்தில் இறங்கினால் குளோரின் எரியுமாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதானாம். சனிக்கிழமைகளில் "குளிக்க நேரமாகும்" என்பாள். நான் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

சலூன்காரரிடம் போனேன். விஷயத்தைச் சொல்ல மூன்று பேர் முடி வெட்டிக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை, பாவம். என் கையைத்தான் பார்த்தார். "அண்ணே, நீங்க கண்ணாடி அறுக்கிற ஆளு. அழுத்தியே பழகின கை. இதுல அழுத்தவே கூடாது. கத்தியோட எடையே போதும். தோலை மேல இழுத்துப் பிடிங்க, கத்தியைச் சாய்ச்சே வைங்க, நிமித்தாதீங்க."

"முட்டியில எப்படி?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியலண்ணே. இதுவரைக்கும் என்கிட்ட யாரும் முட்டியைக் கொண்டு வந்ததில்ல."

மார்ச் 6, வியாழன்

என் காலில் பழகினேன். நான்கு கீறல். படிகாரம் தேய்த்தபோது நான் போட்ட சத்தத்தில் அவள் உள்ளேயிருந்து, "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இடது கால் பாதி வழுக்கை. வேட்டி கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். குனிந்து கண்ணாடியைத் தூக்கும்போது கூட்டாளி பார்த்துவிட்டான். "என்னடா, கால் மட்டும் சாமியாராப் போகுதா?"

மார்ச் 8, சனி

முதல் தடவை.

கட்டிலில் பழைய துண்டு விரித்தேன். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தேன். வெந்நீரில் நனைத்த துணியை அஞ்சு நிமிஷம் சுற்றிவைக்கச் சொன்னாள். நுரை போட்டேன். கத்தியைத் தோல்வாரில் முப்பது தடவை தீட்டினேன். "நாப்பது" என்றாள். இன்னும் பத்து.

தினமும் கண்ணாடி அறுப்பவன். அந்த வெள்ளை நுரையின் மேல் கத்தியை வைக்க என்னால் முடியவில்லை. அவளோ கண் இமைக்காமல் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடுங்க" என்றாள்.

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"இல்ல, அடக்குறீங்க. என்கிட்ட வர்ற பிள்ளைங்களும் இதைத்தான் செய்யும். மூச்சை அடக்கினா உடம்பு கல்லாயிடும். விட்டுட்டே இழுங்க."

மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தேன். சரக்கென்று ஒரு மெல்லிய சத்தம். ஒரு விரல் அகலத்துக்குப் பாதை திறந்தது. ரத்தம் இல்லை. உடனே அவள் முகத்தைப் பார்த்தேன். "என் மூஞ்சிய ஏன் பார்க்குறீங்க, காலைப் பாருங்க!"

ஒன்றரை மணி நேரம் ஆனது. கணுக்காலில் ஒரு சின்ன வெட்டு. எனக்குத்தான் கண் கலங்கியது. அவள், "பரவாயில்ல, நானே அங்க எத்தனை தடவை வெட்டியிருக்கேன்" என்றாள். உண்மைதான். அந்த இடத்தில் சின்னச் சின்னத் தழும்புகள், நகக்குறி போல. இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

பயிற்சி கொடுக்க வந்த பெண், "எந்தப் பார்லர்மா வீட்டுக்கே வர்றாங்க?" என்று கேட்டதாம். அவள் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். நானும் மூன்று தடவை கேட்டேன்.

மார்ச் 15, சனி

இன்று வேறு மாதிரி ஆகிவிட்டது.

வலது கால் நன்றாகவே வந்தது. முட்டியை மடக்கினால் தோல் தானே இறுகிக்கொள்கிறது. சலூன்காரருக்குச் சொல்ல வேண்டும். இடது காலைத் தொடங்கும்போது அவள் சொன்னாள்: நீச்சல்குளத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். தற்காலிகம்தானாம். "அம்பத்தோரு வயசுல திரும்பக் கூப்பிடுவாங்களா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கூப்பிடுவார்கள் என்று. நான் சொன்னது: "ஏணியில ஏறாம இருந்திருக்கலாம்ல."

சொல்லி முடிக்குமுன் தெரிந்துவிட்டது. படிக்கட்டு பல்பு எரியவில்லை என்று அவள் சொன்னது விழுவதற்கு ஒரு வாரம் முன்பு. நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவள் ஏறினாள். பன்னிரண்டு அடி உயரக் கண்ணாடியைத் தூக்கி மாட்டுகிறவன் நான். ஒரு பல்பு. ஒரே ஒரு பல்பு!

எனக்குத் தாங்கவில்லை. "நான் மாத்தியிருந்தா நீ விழுந்திருக்க மாட்ட. எல்லாம் என்னாலதான்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. கத்தியும் கையுமாக அழுதுகொண்டிருந்தேன்.

"முதல்ல கத்தியைக் கீழ வச்சிட்டு அழுங்க" என்றாள்.

வைத்தேன். மாவுக்கட்டுக் கையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். நல்ல கனம். "உங்க மேல கோவம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நுரை காயுது, மீதியை முடிங்க."

முடித்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

மார்ச் 22, சனி. ஆஸ்பத்திரியில்

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வலது கால் முடிந்தது. இடது காலில் பாதி. பின்பக்கம் கெண்டைச்சதையைக் கையில் ஏந்தினேன், போன வாரம் ஏந்தியது போலவே. அது அந்தக் கால் இல்லை. எப்படிச் சொல்வது? வேறு யாருடைய காலோ போல இருந்தது. கனமாக, இறுக்கமாக, சூடாக. நுரையும் அந்த இடத்தில் சீக்கிரம் காய்ந்தது.

"வலிக்குதா?"

"ரெண்டு நாளா சதை பிடிச்ச மாதிரி இருக்கு. படுத்தே கிடந்தா வீங்காதா? ஒண்ணுமில்ல, முடிங்க."

கடை டேப்பை எடுத்து அளந்தேன். வலது முப்பத்தாறு சென்டிமீட்டர். இடது முப்பத்தொன்பதரை. இரண்டாம் முறையும் அளந்தேன். டேப்பில் அரைக் கோடு தப்பினாலே கண்ணாடி சட்டத்தில் உட்காராது. இது மூன்றரை சென்டிமீட்டர்!

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"பாதிக் காலோடவா? மானம் போயிடும்."

"போகட்டும்."

கத்தினேனா தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இப்போ உள்ள ஸ்கேன் எடுக்குறாங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஒண்ணும் ஆகக் கூடாது.

மார்ச் 23, ஞாயிறு

ரத்தக்கட்டு. ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில், முழங்காலுக்குப் பின்னால். ஊசி போட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது மேல ஏறி நுரையீரலுக்குப் போயிருந்தா..."

பிறகு, ஒரு கால் பளபளவென்றும் மறு கால் காய்ந்த நுரையோடும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரு முதல்ல கவனிச்சது?" என்றார்.

அவள் தாடையால் என்னைக் காட்டினாள். "எங்க வீட்டு சலூன்காரர்."

மார்ச் 26, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ரத்தம் உறையாமல் இருக்க மூன்று மாதம் மாத்திரை. நர்ஸ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கீறல் பட்டா ரத்தம் லேசுல நிக்காது. கத்திப் பக்கமே போகாதீங்க."

கை பழகிய நேரத்தில் வேலை போயிற்று.

ஏப்ரல் 7, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கைகள் வெளுத்து, மெலிந்து, யாருடையவோ போல. முதல் வேலையாகத் தன் சடையைத் தானே பின்னிக்கொண்டாள். கால் மணி நேரம் ஆனது. நான் உதவவில்லை, உதவவும் விடவில்லை.

மே 11, ஞாயிறு

மகள் ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அம்மா, காலா காடா?" என்கிறாள். "டாக்டர் உத்தரவு" என்று அம்மா இன்னும் நன்றாக நீட்டிக் காட்டுகிறாள். அம்மா ஊன்றுகோலோடு, மகள் பக்கத்தில், தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார்கள். அவர்கள் வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

ஜூன் 16, திங்கள்

குளத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள், கரையில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதுமாம். போனை வைத்துவிட்டு, "கரையிலயா? பார்த்துடலாம்" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லை. மாத்திரை நிறுத்தியாயிற்று.

ஜூலை 5, சனி

குளத்திலிருந்து வந்தாள். தலை ஈரம். கரையில் நிற்கவில்லை என்று தெரிந்தது.

வெந்நீர் வைத்து, துண்டு விரித்து, கத்தியையும் நுரையையும் எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"கைதான் சரியாயிடுச்சே?"

"ஆயிடுச்சு" என்று சொல்லிக் காலை என் பக்கம் நீட்டினாள்.

மூன்று மாத வளர்ச்சி. முதலில் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. கரைந்த ரத்தக்கட்டைப் பற்றியோ பல்பைப் பற்றியோ நாங்கள் பேசவில்லை. பிள்ளைகள் செய்த சேட்டைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் தண்ணீருக்குள் தும்மிவிட்டாளாம். வலது கால் முடிந்து இடது முட்டிக்கு வந்தபோது கதை நடுவில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கத்தி அவள் முட்டி மேல்.

மூச்சை விட்டுக்கொண்டே மீதியை முடித்தேன். ஈரத்துணியால் துடைத்து, போர்வையை இழுத்துவிட்டு, கத்தியை மடக்கினேன். சத்தம் வராமல்.