அரைப் பக்கத்துக்குள் இந்த மாதச் செய்தி

என் பிரியமுள்ள அண்ணா,

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்கள்: அண்ணி, உங்களோடு வேலை பார்த்த கனகசபை, அச்சகத்து மீரா, நான். நீங்கள் எழுதிய தமிழ் எழுத்து ப்ரோக்ராமை டிஸ்கில் பதிந்து, கேட்பவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கும் நம் கூட்டத்தில் இப்போது இருப்பது இவ்வளவு பேர்தான்.

புதிதாக வரும் பிரிண்டர்களில் எழுத்துகளின் கொம்பும் சுழியும் அறுந்து விழுகின்றன, அண்ணா. யார் வேண்டுமானாலும் திருத்தட்டும் என்று ப்ரோக்ராம் வரிகளையும் அதே டிஸ்கில் வைத்துவிட்டுப் போனீர்கள். திருத்தத் தெரிந்தவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவேண்டாமா? அதற்குத்தான் மாதம் ஒரு செய்தியாவது பேப்பரில் வரவேண்டும் என்று நான் அலைவது.

முதல் தடவை சுலபமாகப் போட்டார்கள். அடுத்த மாதம் போனபோது துணையாசிரியர் தம்பி, "அக்கா, இலவசம்னு போட்டாச்சு லா. மறுபடியும் அதையே எப்படிப் போடுறது?" என்றார்.

வீட்டுக் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதினால் என்ன என்று அன்று பஸ்ஸில் தோன்றியது. யார், எங்கே, எதற்கு. சிராங்கூன் ரோட்டில் பூக்கடைக்காரர் விலைப் பலகை அடித்தார். சுவா சூ காங்கில் ஓர் அம்மா மகளின் கல்யாண அழைப்பிதழைத் தானே அடித்தார். நம் கோயில் பாடற்குழுவுக்குப் பாட்டுத் தாள். ஒவ்வொன்றும் ஒரு மாதச் செய்தியாக வந்தது. "எங்கட ப்ரோக்ராமை விட உங்கட பூக்காரருக்குத்தான் இப்ப பேர்" என்று கனகசபை கேலி செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனாலும் செய்தி வந்த வாரமெல்லாம் டிஸ்க் கேட்டு யாராவது போன் செய்தார்கள்.

பிறகு நீங்கள் போனீர்கள். உங்களுக்கு அஞ்சலி எழுதினால் படத்தோடு அரைப் பக்கம் தருவதாகத் தம்பி சொன்னார். வேண்டாம் என்றேன். அஞ்சலி என்று ஒரு தடவை போட்டால் எல்லாம் முடிந்துபோன மாதிரி ஆகிவிடாதா? அண்ணியிடமும் சொன்னேன்: "ஒரு நாள் படம் வரும் அண்ணி. மறுநாள் தேக்கா மார்க்கெட்ல அதுலயே மீன் மடிப்பாங்க."

அண்ணி கோபப்படவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டே கேட்டார்: "உங்க அண்ணன் படம் வந்தா, அவர் செஞ்சது செத்துடுமா லூர்து?"

செபமாலை சொல்ல உட்கார்ந்தும் மனம் அங்கேயே நின்றது. அஞ்சலிக்கு என்று கொடுத்த இடத்தில் செய்தி எழுதக்கூடாது என்று யார் சொன்னது?

ஆக, இதுதான் அண்ணா இந்த மாதச் செய்தி. அரைப் பக்கத்தையும் கேட்டு வாங்கிவிட்டேன். டை கட்டிய படம்தான் போடவேண்டும் என்பது அண்ணியின் உத்தரவு. அடுத்த மாதம் கிராஞ்சி நாற்றுப் பண்ணையில் செடிகளுக்குத் தமிழில் பெயர்ச்சீட்டு அடிப்பவரைப் பார்த்து எழுதுவேன். அதற்கடுத்த மாதமும் எழுதுவேன். ஆண்டவர் சுகம் தந்துகொண்டிருக்கும்வரை ஒரு மாதமும் விடமாட்டேன்.

உங்களிடம் பதில் கேட்க முடியாது. இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அறுந்த கொம்பையும் சுழியையும் ஒட்டவைக்கத் தெரிந்தவர் இருந்தால், இந்தப் பேப்பர் அலுவலகத்துக்கே என் பெயருக்கு எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் வேலையை விடாத தங்கை,
லூர்து