தெருமுனைச் சத்தம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் போன் அவரிடம் இருக்கிறது. அதனால் எதிர்வீட்டு நிலோஃபரிடம் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மச்சான் வேனை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு, உன் பட்டறைக்கு வருவார். இன்ஜின் தேய்ந்துபோய்த் தடதடவென்று அடிக்கிறது, பிரித்து வேலை பார்க்க வேண்டுமாம். நீ தொடாதே அண்ணா. "பழைய வண்டிக்கு எதுக்கு மச்சான் வீண் செலவு, ஓடுற வரைக்கும் ஓட்டுங்க"ன்னு சொல்லி அனுப்பிவிடு.

இங்கே திருப்பாதிரிப்புலியூரில் அந்தச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிடும். கேட்டதும் பாப்பா நிலோஃபர் வீட்டுக்கு ஓடிவிடுவாள். நான் அரிவாள்மணையை ஒளித்துவைப்பேன். அதற்குத்தான் நேரம் இருக்கும்.

நேற்று சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்ஜின் வேலை முடியட்டும். அப்புறம் நான் வர்றதே உங்களுக்குத் தெரியாது."

உன் தங்கச்சி