ஒரே கோடு, இரண்டு பெயர்

8 நவ., சனி

காலையிலிருந்து தூறல். மாடியில் காயவைத்த வற்றல் இரண்டாம் முறையாக உள்ளே. கண் சொட்டு மருந்து: காலை போட்டாயிற்று, மாலை மறக்கக் கூடாது.

மழையால் வழக்கமான சனிக்கிழமைச் சுற்றில் தறிகளுக்குப் போகவில்லை. நெசவாளர் குழுவின் கிடங்கில், நெய்து வந்த துண்டுகளை மட்டும் பார்த்தேன். வெண்ணந்தூருக்குத் தறிகளைக் கண்காணிக்கும் இந்தப் போன் செயலி வந்து நான்கு மாதம். பனியன் கம்பெனி வெட்டுத் துணியைப் பிரித்து நூற்ற நூல், நெசவு இங்கேயே. துண்டுக்கு ஒரு சீட்டு. போனில் காட்டினால் நெய்தவர் பெயர், நூல் வந்த இடம், தறியை நேரில் பார்த்தவர் பெயர். கிழிந்த பிறகு திருப்பி அனுப்பினால் மறுபடி நூல். நேரில் பார்க்கிறவன் நான். ஓய்வுபெற்ற வாத்தியார் பொய் சொல்ல மாட்டார் என்று குழுவில் ஓர் எண்ணம்.

இன்று இரண்டு துண்டு. ஒன்று பழனியம்மா நெய்தது, மற்றது ராசம்மா நெய்தது என்கிறது சீட்டு. இரண்டிலும் கரையிலிருந்து நான்கு விரல் தள்ளி, நெடுக ஒரே மெல்லிய கோடு. தறியில் சீப்புபோல் இருக்கும் அச்சில் ஒரு பல் வளைந்திருந்தால் இப்படி விழும். வகுப்பில் சரியான விடை நாற்பது பேருக்கும் ஒன்றுதான். தப்பு அவரவர் சொந்தம். இரண்டு தாளில் ஒரே தப்பைப் பார்த்தால் பேனாவை மூடிவிட்டு இருவரையும் கூப்பிடுவேன்.

இரண்டு துண்டும் ஒரே தறி. சந்தேகமே இல்லை.

அதைவிட மோசம்: ராசம்மாவின் சீட்டில் ‘நேரில் பார்த்தேன்’ என்று என் பெயர். செவ்வாய் 11.20. செவ்வாய் அன்று நான் சேலத்தில், கண் ஆஸ்பத்திரியில். போன் வீட்டில், சார்ஜில்.

9 ஞாயிறு

தூறல் விடவில்லை. சந்தேகங்கள்:
1. செயலி தானாகவே அழுத்திக்கொள்கிறது.
2. செயலியைக் கவனிக்கும் திருச்செங்கோட்டு இன்ஜினியர் கோகுல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அழுத்துகிறார்.
3. பழனியம்மா இரண்டு பங்கு நூல் வாங்குகிறாள். (அப்படிப்பட்டவள் இல்லை. ஆனாலும்.)

வசந்தாவிடம் சொன்னேன். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக எதிர்க்கேள்வி கேட்கவில்லை. “மிசினு தப்பா இருக்குமுங்க, உடுங்க” என்று வெங்காயத்தோடு உள்ளே போய்விட்டாள்.

கோகுலுக்குப் போன் போட்டேன்.

“ஆப்பு தானா அழுத்தாது சார். உங்க நாலு நம்பர் போடோணும். அதுவும் தறிகிட்ட நின்னு போட்டாத்தான் எடுக்கும்.”

“நான் நின்னது சேலத்துலங்க.”

“உங்க போன் நின்னது ராசம்மாக்கா ஊட்டு வாசல்ல சார். மேப்புல தெரியுது.” பிறகு அவரே, “அன்னைக்கு அழுத்தலைன்னா பத்து நாள் தாண்டியிருக்கும். பத்து நாள் பாக்காத தறிக்கு நூல் நின்னுரும். அந்த இடம் வரிசையில அடுத்தவங்களுக்கு.”

போனுக்குக் கால் முளைத்திருக்கிறது. நாலு எண் நான் ஓய்வுபெற்ற வருடம். தெரிந்தவர்கள்: நான். இன்னொருவர். பெயர் எழுதக் கை வரவில்லை.

10 திங்கள்

ராசம்மா வீடு. தறிமேல் போர்வை. அவளுடைய வலது கையில் மாவுக்கட்டு. மொபெட் சறுக்கி இரண்டு வாரம் ஆகிறதாம். தெருவுக்கே தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

“எனக்கு வந்த நூல நாத்தனா தறியில ஓட்டறாளுங்க வாத்தியாரே. பேரு ஒருக்கா போச்சுன்னா பொறவு எப்பங்க வரும்? முன்னால பதினோரு பேரு நிக்கறாங்க. நாந்தான் வசந்தாக்காகிட்ட அழுதனுங்க. அக்காவ ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க சாமி.”

நாத்தனார் பழனியம்மா வாசலிலேயே நின்றாள். “நெய்யறது நானு, பேரு அவளுக்கு. எனக்கே கோவமில்ல. நீங்க என்னத்துக்குங்க மொகத்தத் தூக்கறீங்க? அந்தச் செவ்வாக்கெழமைக்கு முந்தின சனிக்கெழம நீங்க வந்திருந்தா அக்கா எதுக்குங்க வாரா?”

அன்றும் மழை, கண் எரிச்சல். கடைசித் தெருவை மட்டும் விட்டுவிட்டேன்.

வராத நண்பனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொன்னவர்களை எத்தனை முறை பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன். நூல் பொய்யில்லை. துணி பொய்யில்லை. பெயர் பொய். அதை நம்பித்தான் எங்கேயோ ஒருவர் வாங்குகிறார். அதன் கீழே என் பெயர்.

உள்ளதைச் செயலியில் எழுதப்போகிறேன் என்றேன். ராசம்மா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“எழுதுங்க. கட்டுப் பிரிச்சதும் நானே நெய்வன்னும் சேத்தி எழுதுங்க.”

வசந்தாவும் நானும் இன்று பேசிக்கொண்டது: ரசம், உப்பு.

11 செவ்வாய்

வெயில். வற்றல் மாடிக்கு.

செயலியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. எழுதியது:

‘ராசம்மா பெயரில் வந்த துண்டுகளை நான் நேரில் பார்க்கவில்லை. சனிக்கிழமை போகாதது என் தவறு. நெய்தவர் பழனியம்மா. ராசம்மாவுக்குக் கை முறிவு, மூன்று வாரத்தில் தறிக்குத் திரும்புவார். அதுவரை அவர் இடத்தை யாருக்கும் தர வேண்டாம். உடம்பு சரியில்லாதவருக்கு விடுப்பு என்று உங்கள் செயலியில் ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடத்தில்கூட உண்டு.’

அனுப்பவில்லை. வசந்தா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“எம்பட பேரே இல்லீங்களே.”

“உன் பேரு எதுக்கு?”

“அழுத்துனது நானுங்க. வாத்தியாரு அரகொறையா எழுதலாமுங்களா?”

சேர்த்தேன். அனுப்ப நாலு எண் கேட்டது. போனை அவளிடமே கொடுத்தேன். போட்டாள். விரல் தடுமாறவே இல்லை.