பெரிய மீனை முதலில் விட்டார்கள்

ஜூலை 27, ஞாயிறு

என் கணவர் அழகுவின் அண்ணன் அவனியாபுரத்தில் கட்டியிருக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தோம். ஆவணியில் பால் காய்ப்பு. வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கம். படிக்கட்டுக் கைப்பிடி முழுக்கத் தங்க நிற பெயிண்ட். ஹாலில் சுவரோடு சுவராக எட்டடியில் கடல்மீன் தொட்டி. அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அதற்குள்ளும் வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சீ.

நான் சொன்னபடி, தண்ணீர் பக்குவப்படட்டும் என்று சித்திரையிலிருந்தே உப்புத் தண்ணீரை மீன் விடாமல் ஓடவிட்டிருந்தார்கள். அந்த மட்டும் நல்லது. "மீன நீயே பாத்துச் சொல்லுத்தா. நீதான வளக்குறவ. கலர் கலரா இருக்கணும், வாரவன் வாயப் பொளக்கணும்" என்றார் மச்சான், அதுதான் அழகுவின் அண்ணன்.

டாங் மீன்கள் என்று சொல்லிவிட்டேன். தட்டு மாதிரி உடம்பு, பொழுதெல்லாம் நீந்திக்கொண்டே இருக்கும், அப்படி ஒரு நிறம். என்னிடம் ஒன்று இருக்கிறதே, லட்டு, மஞ்சள் டாங். ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவாமல் அதன் முன்னால்தான் போய் உட்காருவேன். அதுவும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். இந்த வீட்டில் நான் வந்ததைக் கவனிக்கிற முதல் ஆள் அதுதான்.

ஆகஸ்ட் 2

டாங்குகளைச் சேர்த்து வைப்பது வரன் பார்ப்பதைவிடக் கஷ்டம். எல்லாவற்றுக்கும் வாலடியில் இரண்டு பக்கமும் சவரக்கத்தி போல ஒரு முள் உண்டு. தன்னைப் போலவே உருவமும் நிறமும் உள்ள இன்னொன்றைக் கண்டால் ஆகாது. அதனால் வகைக்கு ஒன்றுதான். நாசோ ஒன்று: நீள உடம்பு, வளர்ந்தாலும் சாது. நீல டாங் ஒன்று. இரண்டும் லட்டுவின் சாயலில் இல்லை.

விடுகிற வரிசைதான் பெரிய விஷயம். முதலில் உள்ளே போவது தொட்டி மொத்தமும் தன்னுடையது என்று முடிவு கட்டிவிடும். ஆகவே சாது முதலில், முரடு கடைசியில். கடல்மீன் கடை பாதுஷா பாயிடம் போனில் கேட்டேன். "கரெக்ட்டும்மா, அப்படித்தான் விடணும்" என்றார்.

லட்டுவை அங்கே விட எனக்கு மனசே இல்லை. ஆனால் பால் காய்ப்பு முடிந்ததும் நாங்களும் அந்த வீட்டு மாடிக்குப் போகிறோமாம். "ஒரே வீட்டுல ரெண்டு தொட்டி எதுக்கு?" என்று மச்சான் முடித்துவிட்டார். அழகு தலையாட்டினார். அண்ணன் முன்னால் அவர் தலை ஆடுவதற்கென்றே இருக்கிறது.

ஆகஸ்ட் 9

தல்லாகுளம் வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் அழகு சொல்லியாயிற்றாம். அவருக்குச் சொன்ன பிறகு எனக்குச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாதுஷா பாய் கடைக்கு மச்சானும் வந்தார். வந்திருக்கவே கூடாது. நாசோவையும் நீல டாங்கையும் எடுத்துவைத்துவிட்டுத் திரும்பினால், மூலைத் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். உள்ளே ஒரு சோஹால் டாங். உடம்பெல்லாம் வரி வரியாகக் கோடு, வாலடியில் ஆரஞ்சு நிறத்தில் கத்தி. தனியாகத்தான் இருந்தது. ஏன் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா ஒரு மனுஷன்?

"இவன்தான்யா ஆம்பள" என்றார்.

டாங்குகளிலேயே இதைப் போல முரடு இல்லை, வேண்டாம் மச்சான் என்றேன். கேட்கவில்லை. சரி, வாங்கியே தீருவதென்றால் கடைசியில் விடுங்கள், மற்றவை பழகின பிறகு என்றேன். "எம்புட்டுப் பெரிய மீனு, இதப் போயி கடைசியில விடுறதா? நாலு பேரு கேக்க மாட்டான்?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "அண்ணே சொல்றதும் சரிதாம்மா. ராசா மாதிரி மீனு" என்றார். எனக்கு போனில் சொன்ன அதே வாய். அந்தக் கடை வாசலிலேயே காறித் துப்பலாம் போல வந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பால் காய்ப்பு. எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கோயிலில் பரிவட்டம் கட்டுகிற வரிசையில் மீன் விட்டார்கள்! பங்காளிகளில் மூத்தவர் வெள்ளைத்துரை பெரியப்பா. அவருக்குத் தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, மேளம் அடித்து, அவர் கையால் சோஹால். வெற்றிலைச் சிவப்பு போகாத கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டார். அவருக்கு அடுத்து மச்சானின் மாமனார், நாசோ. மச்சானின் மகள், நீல டாங். கடைசியில் "இளையவுக மீனு எங்கப்பா?" என்று ஒரு குரல்.

லட்டுவைக் கொண்டு வரவில்லை என்றேன். சோஹாலை முதலில் விட்டுவிட்டீர்கள், இனி போகிற எதையும் அது விட்டு வைக்காது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மச்சான் சிரித்தார். "பெருசுக்குப் பயந்து சிறுசு ஒழுங்கா இருக்கும்ல. அதான்த்தா குடும்பம்."

அழகு வாழை இலையை எண்ணப் போய்விட்டார்.

செப்டம்பர் 3

அவனியாபுரம் போய்ப் பார்த்தேன், நீல டாங் செத்துவிட்டது. உடம்பில் கோடு கோடாகக் கிழிசல். சாப்பிட்ட இலைகளோடு குப்பையில் போட்டிருக்கிறார்கள். நாசோ தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிறது, துடுப்பெல்லாம் கந்தல்.

இதில் வருத்தப்பட ஒருவர் இல்லை. சொந்தக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். சோஹால் பாயும்போதெல்லாம் விசில். "மாப்ள, நம்மூரு சல்லிக்கட்டுக் காள தோத்துச்சு போ!" கையில் பஜ்ஜி வேறு. அந்த எண்ணெய் விரலாலேயே கண்ணாடியைத் தட்டுகிறார்கள். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

செப்டம்பர் 6

சாமான் கட்ட அட்டைப்பெட்டி வந்திருக்கிறது. ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கை எரிகிறது. எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

ஆபீஸ் விட்டு வந்தேன். தொட்டியில் லைட் எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, லட்டு இல்லை. பாறைக்குப் பின்னால், பம்புக்கு அடியில் எல்லாம் தேடுறேன் — இல்ல. அழகு கட்டிலில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டே சொல்கிறார்: "அண்ணே ஆள் அனுப்பிச்சாரு. நான் எப்படி வேணாம்னு சொல்ல?"

எப்படிச் சொல்லவா? வாயைத் திறந்து சொல்லணும்! வேணாம்னு ஒரு சொல்லு. அதுக்குக்கூட அண்ணன்கிட்ட அனுமதி வாங்கணுமா? இப்படி ஒரு மனுஷனா? ச்சீ.

வண்டியை எடுத்துக்கொண்டு அவனியாபுரம் போனேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. லட்டு ஒரு மூலையில் தலைகுப்புற நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் வெளுத்து, விலாவில் ஒரு வெட்டு. வலையை உள்ளே விடுகிறேன், அதற்குள் சோஹால் பாய்ந்து வருகிறது. இரண்டாம் முறை என் கையிலேயே கீறிவிட்டது. தண்ணீரில் ரத்தம். சோபாவிலிருந்து மச்சான் சிரிக்கிறார். "மீனு கூட உன்னய அடிக்குதுத்தா!"

அப்போது சமையல்கட்டிலிருந்து முத்துமீனா அக்கா வந்தார், மச்சானின் மனைவி. பெரிய வடிதட்டைத் தண்ணீருக்குள் இறக்கி சோஹாலை ஒரு பக்கமாக மறித்துப் பிடித்துக்கொண்டார். சேலை முந்தானையெல்லாம் உப்புத் தண்ணீர். "என்னடி பண்ற?" என்று மச்சான் அதட்டினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் லட்டுவை எடுத்து வாளியில் விட்டேன்.

வாசல் வரை கூடவே வந்தார். என் கையில் மஞ்சளை அப்பிவிட்டு, "கொண்டு போயிரு. திரும்பக் கொண்டாராத" என்றார்.

சரிக்கா என்றேன்.

"மீன மட்டும் சொல்லல. நீயும் வராத. நான் இருபது வருசமா இவுக கூட இருக்கேன்" என்றார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 9

அழகுவிடம் சொல்லிவிட்டேன். நான் மாடிக்கு வரவில்லை. நீங்கள் போவதென்றால் போங்கள். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 13

லட்டு சாப்பிடவில்லை.

செப்டம்பர் 15

லட்டுவுக்குத் தின்ன வைத்த கடற்பாசித் தாளில் ஓரமாக ஒரு கடி. ஒன்றே ஒன்றுதான். அழகுதான் முதலில் பார்த்தார். "ஏய் ரோகிணி, தின்னுருச்சு!" என்று கத்தினார். அவர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். போக இடமில்லை, அவனியாபுரத்தைத் தவிர. காலையில் வெளியே போன அழகு மத்தியானம் வந்து, பின் தெருவில் ஒரு வீடு இருக்கிறது, தரைத்தளம், சின்னதுதான், பார்க்கிறாயா என்றார். பிறகு என் முன்னாலேயே போன் போட்டார். "அண்ணே... இல்லண்ணே. நாங்க வரல." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை தலையாட்டவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

புரட்டாசியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். மாறினோம்.

காலையில் முத்துமீனா அக்கா போன் செய்தார். நாசோவும் போய்விட்டதாம். எட்டடித் தொட்டியில் சோஹால் ஒற்றையாகச் சுற்றுகிறதாம். அதோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று என்னிடம் கேட்கச் சொன்னாராம் மச்சான். அந்த மண்டை ஓடு ஒத்துப்போகும், அது போதும் என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது.

புது வீட்டு வாசலில் அழகு பால் பாத்திரத்தோடு நின்றார். பக்கத்து வீட்டம்மா சாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் முதலில் உள்ளே போவது என்று பார்த்தார். நான் வாளியைத் தூக்கினேன். லட்டு விலாவில் தழும்போடு ஒரு சுற்றுச் சுற்றியது.

"பால்?" என்றார் அந்தம்மா.

"அது அப்பறம்மா" என்று அழகு சொன்னார். சொல்லிவிட்டு எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.