கடைசி மினிபஸ்ஸிலிருந்து யாரும் இறங்கவில்லை

என் உயிர் மச்சான் இளங்கோவுக்கு,

பயமாக இருக்கிறதடா. நீ எழுதி வைத்துவிட்டுப் போனதில் முப்பது வரியை அழிக்க இன்று மஞ்சக்குப்பத்தில் சம்மதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சிதம்பரம் வந்து இறங்கும்வரை மடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பிடித்த பிடியை நான் விடவில்லை. செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இளங்கோ என்னோடு படித்தவன், பிறகு என் தங்கை செல்வியைக் கட்டியவன். 'கடைசி மினிபஸ்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கினான். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். அது ரோட்டை மூடுவதற்குள் குமராட்சிப் பக்கத்து ஊர்களில் நிற்கிறவர்களை ஏற்றி, அவரவர் நிறுத்தத்தில் இறக்கிவிட வேண்டும். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், சிடியில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். கம்ப்யூட்டரையே தொட்டுப் பார்க்காதவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த விளையாட்டைத் திருத்தவைத்தே நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் அவன் ஆசை.

நான் யார்? நோட்டீஸ் ஒட்டுகிறவன், ஹால் பேசுகிறவன், பெஞ்சு தூக்குகிறவன். நிரலில் எனக்குத் தெரிந்தது அரைகுறை. அது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

காய்ச்சல் என்று படுத்தாய். ஆறாம் நாள் உன் உடம்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரே பயம்தான். நீ இல்லாமல் இது நின்றுபோய்விட்டால்? நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து இழுத்த தேரை நான் நடுரோட்டில் விட்டுவிட்டேன் என்று ஆகிவிட்டால்? செல்விக்கு நீ விட்டுப்போனதில் நடமாடுகிற ஒன்று இதுதானே?

அந்தப் பயத்தில் ஒரு வேலை செய்தேன். இறந்தவர் அரைகுறையாய் விட்ட வேலையைக் காரியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் அல்லவா? உன் மெஷினைத் திறந்தேன். விளையாட்டில் இருக்கிற பிழைகளின் பட்டியல் இருந்தது. அதில் பதினேழு ரொம்பச் சின்னவை. பின்னால் எடுத்தால் சக்கரம் சுற்றாது. ஆடு சுவருக்குள் புகுந்து போகும். கண்டக்டர் விசில், பஸ் கிளம்பின பிறகு ஊதும். எல்லாம் உன் பெயரில், முடியாத வேலையாக, உலகமே பார்க்கும்படி கிடந்தது. எனக்கு மானம் போனமாதிரி இருந்தது. பதினாறாம் நாளுக்குள் பதினேழையும் நானே சரிசெய்தேன். என்னாலேயே முடிந்தது என்றால் அவை எவ்வளவு லேசானவை என்று பார்த்துக்கொள். படத்துக்கு மாலை போடும்போது, முடித்துவிட்டேன் மச்சான் என்று மனசுக்குள் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் கூட்டம் போட எனக்குத் தைரியம் வந்தது. நாம் வழக்கமாகக் கூடுகிற மஞ்சக்குப்பம் டியூஷன் சென்டர் மாடிதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள், எல்லாரும் புதுசு. சந்தோஷப்பட வேண்டியவன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றேன்.

"சார், நாங்க என்னா செய்யணும்?" என்று சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.

பட்டியலைத் திறந்தேன். மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, தண்ணீர் ஏறுகிற கணக்கு. இன்னொன்று, இரண்டு மெஷினிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து விளையாடினால் எல்லாம் உறைந்துபோவது. இரண்டும் நீயே மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவை. வேறு வழியில்லாமல் தண்ணீர்க் கணக்கைக் காட்டினேன். பதினோரு பேரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் விளக்க ஆரம்பித்து, பாதியில் எனக்கே புரியாமல் நின்றேன். நல்லவேளையாகக் கரண்ட் போனது. "அடுத்த வாரம் பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அந்தக் குரலில் அடுத்த வாரமே இல்லை.

அன்று செல்வியிடம் புலம்பினேன். "நீ இருந்தப்பல்லாம் வந்தவங்க மறுபடி வருவாங்களே, இப்ப ஏன் இப்புடி?" என்று உன் படத்தைப் பார்த்தே கேட்டுவிட்டேன். அவள்தான் பதில் சொன்னாள்.

"பட்டியல்ல சின்னது ஒண்ணுகூட இல்லையா?"

"எல்லாத்தையும் நான் சரி பண்ணிட்டேன்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏண்ணா, அவரு நெனச்சிருந்தா அத அரை மணி நேரத்துல சரி பண்ணியிருப்பாரே. வேணும்னுதான் அப்புடியே உட்டு வெச்சிருந்தாரு. வர்றவங்க ஆளுக்கொண்ணு சரி பண்ணணும், அன்னிக்கே அவுங்க பேரு விளையாட்டோட மொத திரையில வரணும், அப்பதான் மறுபடி வருவாங்கன்னு சொல்லுவாரு. விருந்தாளிக்குன்னு எடுத்து வெச்சத நீயே தின்னுட்டியேண்ணா!"

இத்தனை வருஷம் உன் கூடவே இருந்தும் பெஞ்சு தூக்குவதில் இருந்த கவனம் இதில் இல்லாமல் போயிற்று பார். ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லாமலே தெரியும் என்று நினைத்தாயா?

என் திருத்தங்களை எடுத்துவிட்டுப் பழைய பிழைகளைத் திரும்ப வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. "தெரிஞ்சே ஒடைச்சி வெச்சிட்டு, சரி பண்ணுங்கன்னு நீட்டுனா வந்தவங்களுக்கு வெளங்காதா?" என்றாள். அந்த வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை. யாரும் வரவில்லை என்றால் மாடியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், விளையாட்டு உன்னோடு போயிற்று என்று அர்த்தம்.

இன்று மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் ஜன்னல் பக்கம் நின்று போனிலேயே இருந்தார்கள். மூன்றாவது எஸ்தர் என்று ஒரு பெண். அங்கே ஓர் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். சென்ற வாரமும் வந்திருந்தாராம், பின் வரிசையில் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. என்ன கொடுப்பது என்று தெரியாமல், "சும்மா விளையாடிப் பாருங்கம்மா" என்றேன். அவர் ஒரு மணி நேரம் பஸ் ஓட்டினார். நான் பின்னால் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஏறுனவங்க யாருமே எறங்க மாட்டேங்கறாங்க. ஸ்டாப்புல நிக்கிது, ஏறிக்கிறாங்க, விசில் ஊதுது, கெளம்பிடுது. உள்ள நாப்பது பேருக்கு மேல ஜாஸ்தியாயிடுச்சி."

குனிந்து பார்த்தேன். நான் செய்த வேலைதான். விசில் தாமதமாக ஊதுகிறதே என்று அதை நிரலில் மேலே, ஆட்கள் இறங்குகிற வரிகளுக்கு முன்னால் ஏற்றி வைத்திருந்தேன். விசில் சரியான நேரத்தில் ஊதியது. ஆனால் பஸ் கிளம்புகிற வரியும் அதோடு சேர்ந்து மேலே போயிருந்தது. இறங்குகிறவர்களுக்கு நேரமே இல்லை. சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்தேனே தவிர, நான் ஒரு தடவைகூட விளையாடிப் பார்க்கவில்லை.

"யாரு சார் இத எழுதுனது?"

மச்சான், இங்கேதான் நீ என்னை மன்னிக்க வேண்டும். உன் பெயர் என் தொண்டைவரை வந்துவிட்டது. அவன் எழுதியது, அவன் இப்போது இல்லை என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். நீயும் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"நான்தாம்மா. எனக்கு இது அவ்வளவா தெரியாது" என்றுதான் வந்தது.

எஸ்தர் சிரித்துவிட்டார். "அப்பாடா. எல்லாம் பெரிய ஆளுங்க எழுதுனதுன்னு பயந்துகிட்டு இருந்தேன் சார். நீங்களே தப்பு பண்றீங்கன்னா நானும் கை வெக்கலாமில்ல?"

ஜன்னல் பக்கம் இருந்த இருவரும் அப்போதுதான் வந்து உட்கார்ந்தார்கள். நாலு பேரும் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் எஸ்தர்தான் வழி கண்டார்: நிறுத்தத்தில் முதலில் இறக்கு, பிறகு ஏற்று, கடைசியில் விசில். ஆறே வரி. அதைப் போட்டால், அந்த இடத்தில் நீ எழுதியிருந்த முப்பது வரிக்கும் வேலை இல்லை. அந்த முப்பதுக்கு மேலே, நிரலுக்குச் சம்பந்தமே இல்லாமல் என் பெயரைச் சொல்லி நீ ஒரு குறிப்பு எழுதியிருந்தாய்: "பாலு, தயவுசெஞ்சி இதுல கை வெக்காத."

"இது வேணுமா சார்? இதுக்கு ஒண்ணும் வேலையில்ல" என்றார் எஸ்தர்.

விசிலைத் திருத்திய அன்றே அதை நான் பார்த்தேன். பார்த்து அழுதுவிட்டுத்தான் கை வைத்தேன். பழைய பிரதி எங்கேயும் போகாது, தேடினால் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இனி விளையாட்டுக்குள் அது இருக்காது. நீ என்னைக் கூப்பிட்டுத் திட்டுகிற ஒரே இடம் அதுதான். இன்று முப்பது வரி. அடுத்து வருகிறவர் ஐம்பதை எடுப்பார். நன்றாகக் கற்றுக்கொண்டால் ஒரு நாள் தண்ணீர்க் கணக்கையும் மாற்றி எழுதுவார்கள். நாம் ஆசைப்பட்டபடி இது வளர்ந்தால், வளர வளர நீ குறைந்துகொண்டே போவாய். அங்கே நின்றபோதுதான் இது எனக்கு உறைத்தது. ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

"வேண்டாம்மா, எடுத்துடுங்க" என்றேன். நீ போன பிறகு என் சம்மதம் இருந்தால்தான் எந்தத் திருத்தமும் விளையாட்டில் சேரும்; அந்தப் பொத்தானை நானே அழுத்தினேன்.

முதல் திரையில் எஸ்தர் பெயர் வந்தது. அவர் உடனே யாருக்கோ போன் போட்டு, "ஆமா, என் பேருதான், விளையாட்டுல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது மூன்று பேரும் கேட்டார்கள், "அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு சார்?"

பத்து மணிக்கு என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பயம் போகவில்லை, மச்சான். போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். வருகிறவர்களுக்கு ஒருபோதும் குறுக்கே நிற்கமாட்டேன். நீ எழுதியதில் ஒற்றை வரிகூட மிஞ்சாத நாள் வந்தாலும், அந்தக் கடைசி வரியை எடுக்கவும் நானே சம்மதம் கொடுப்பேன்.

பயந்தாங்கொள்ளிதான், ஆனாலும் உன் மச்சான்,
செல்வியின் அண்ணன்
பாலு