மூன்றாம் மாடி, கடைசி அலமாரி

ஜூலை 4

மூன்றாம் மாடிக் கணக்கெடுப்பு ஒருவழியாக முடிந்தது. பத்து வருடமாக ஒரு புத்தகம்கூட இரவலாகப் போகாத அலமாரிகள் எவை என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். படிப்பு முடிந்த கையோடு கல்லூரி நூலக ஃபெலோஷிப் கிடைத்தபோது அறிவு பெருகும் என்று நினைத்தேன். தும்மல்தான் பெருகியிருக்கிறது.

முதல் இடம் கடைசி அலமாரிக்கு. வணிகப் புள்ளிவிவர ஆண்டுத் தொகுதிகள், எல்லாம் சிவப்பு காலிகோ துணி அட்டை. ஈ காக்கை அண்டாத இடம். தலைமை நூலகர் மேடம் அறிக்கையைப் படித்துவிட்டு, நீட்டாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வருவது அபூர்வம்.

ஜூலை 9

நூலக மூலையில் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே அந்த ஆண்டுத் தொகுதிகள் மாதிரியே சிவப்பு பைண்டிங்கில் ஒரு ஒல்லித் தொகுதி. இந்தக் கல்லூரியின் முதல் மாணவர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை! நூலக மின்விசிறியின் சத்தத்தைத் திட்டி ஒரு கவிதை. விடுதியில் காணாமல் போகும் செருப்புகளைத் துப்பறியும் ஒருவனைப் பற்றித் தொடர்கதை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கடைசி அத்தியாயத்தை மட்டும் வேண்டுமென்றே படிக்காமல் வைத்திருக்கிறேன்.

இதை வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம். ஃபெலோக்கள் நாங்கள் இருவர். அக்டோபரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. அது நானாக இருக்கலாம் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

ரேடியோவிடம் சொன்னேன். இன்னொரு ஃபெலோ அவள்தான். வாயே மூடாததால் நான் வைத்த பெயர். இன்று மட்டும் டீயைக் குடித்துக்கொண்டு அமைதியாகக் கேட்டாள்.

ஜூலை 13

போச்சு.

ஜூலை 14

நேற்று ஒரு வார்த்தையோடு நோட்டை மூடிவிட்டேன். வாராந்திரக் கூட்டத்தில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் ரேடியோ எழுந்துவிட்டாள். தனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறதாம். பெட்டி, பத்திரிகை, கண்காட்சி, எல்லாம் என் வார்த்தைகள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம்! அவ அதத் தொட்டுக்கூடப் பாக்கல. எந்த வயிறு வலிச்சுது அவளுக்கு?

மேடம் அங்கேயே பொறுப்பை அவளிடம் கொடுத்துவிட்டார். நான் அவளுக்கு உதவியாளர். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

வெளியே வந்து கேட்டதற்கு, "ரெண்டு பேரும் சேந்துதானடி பேசினோம்" என்றாள். பேசினோமாம். நான் பேசினேன், நீ டீ குடிச்ச.

வீட்டில் அக்கா, என் திறமையை யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது, விட்டுத்தொலை என்கிறாள். திறமையை யார் கேட்டது? என் பெட்டியைத்தானே எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 20

விட மாட்டேன்.

ஆகஸ்ட் 6

அழைப்பிதழ் வந்துவிட்டது. 'கண்டெடுத்துத் தொகுத்தவர்' என்று கொட்டை எழுத்தில் அவள் பெயர். நான் அடியில், நன்றிப் பட்டியலில், நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு அடுத்து. தொகுதியை ஸ்கேன் செய்ய அடுத்த வாரம் ஆள் வருகிறாராம். அதுவரை அது ரேடியோவின் பொறுப்பு.

அவளுடைய பொறுப்பு. நல்லது.

ஆகஸ்ட் 7

செய்துவிட்டேன்.

பரீட்சை சமயத்தில் எல்லோரும் செய்வதுதான். ஒரே பிரதி இருக்கும் பாடப்புத்தகத்தைச் சம்பந்தமில்லாத அலமாரியில் சொருகிவிட்டால் அது நமக்கு மட்டும்தான். ரேடியோ தொகுதியை மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன். கடைசி அலமாரி, ஆண்டுத் தொகுதிகளுக்கு நடுவில். சிவப்போடு சிவப்பாகப் போய்விட்டது. எனக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை, ஆகவே திருட்டில்லை.

கொஞ்ச நாள் தவிக்கட்டும். மேடம் முன்னால் கூனிக்குறுகி நிற்கட்டும். பிறகு நான் போய்க் 'கண்டெடுப்பேன்'. இந்த முறை எல்லோருக்கும் முன்னால்.

ஆகஸ்ட் 10

தேடுகிறாள். குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். மேடம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தபோது நான் காலி புத்தக வண்டியை உருட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றேன். உள்ளே அவள் குரல் உடைந்தது. மதியம் எனக்கு நல்ல பசி. பொய் சொல்வானேன், இனித்தது.

இன்னும் இரண்டு நாள்.

ஆகஸ்ட் 12

காய்ச்சல். அக்கா எழுந்திருக்க விடவில்லை.

ஆகஸ்ட் 17

இன்றுதான் வேலைக்குப் போனேன். நேராக மூன்றாம் மாடி. கண்டெடுத்ததும் என்ன சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அலமாரி காலி. துடைத்து வைத்திருக்கிறார்கள்.

புத்தகம் அடுக்கும் அண்ணனிடம் கேட்டேன். "அதெல்லாம் கழிவுக்குப் போயிடுச்சும்மா. உங்க அறிக்கையிலதான் மேடம் கையெழுத்துப் போட்டாங்க. அலமாரி அலமாரியா கட்டி ஏத்திவிட்டாச்சு" என்றார். காகித ஆலைக்கு. போன் செய்தேன். வந்த அன்றே கூழாக்கிவிட்டார்களாம்.

என் அறிக்கை. நானே எழுதினது. முதல் இடம் குடுத்ததும் நான். யாரும் வரமாட்டாங்கன்னு அங்க கொண்டுபோய் வெச்சதும் நான். யாரும் வராததுனாலதானே தூக்கிப் போட்டாங்க— இதுகூடத் தோணலையா எனக்கு?

செருப்பை யார் எடுத்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 2

கண்காட்சி ரத்து. ரேடியோவை யாரும் போகச் சொல்லவில்லை. அவளே விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள். சொல்லிவிடலாம் என்று மேடத்தின் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். இன்றைக்கும்தான்.

செப்டம்பர் 8

அவளுடைய கடைசி நாள். படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"நீ எங்க வெச்சேன்னு கேக்க மாட்டேன். நான் பண்ணது தப்புதான், அதுக்கு நீ திருப்பிக் குடுத்துட்ட. ஆனா மேடம்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுதான் போறேன். அது இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு, இவ தேடினாக் கிடைக்கும், இவளயே வேலைக்கு வெச்சுக்கோங்கன்னு. எடுத்துக் குடுத்துடு."

அது எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 1

நிரந்தர வேலை. தனி மேசை. அக்கா எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதல் வேலையை மேடம் காலையிலேயே கொடுத்துவிட்டார்: "ஒரு அலமாரி விடாமப் பாருங்க. கிடைக்கற வரைக்கும் இதுதான் உங்க வேலை."

அக்டோபர் 30

இரண்டாம் மாடி இன்றோடு முடிந்தது. ஒவ்வொரு வரிசையாக இழுத்து, பின்னால் கைவிட்டுத் துழாவிப் பார்க்கிறேன். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். கிடைத்துவிடும் என்று எனக்குத் தைரியம் வேறு சொல்கிறார்.

சாயங்காலம் மேடம் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் மூணாம் மாடி இருக்கு மேடம்" என்றேன்.